கடல் மட்டத்துக்கு மேலே ஒரு கக்கூசு

எங்கள் வீட்டுக் கக்கூசு பேசத் தொடங்கியதை முதலில் கேட்டவர் என் மாமி. ஒரு மார்கழிக் காலையில் வாளியோடு உள்ளே போனவர், போன வேகத்திலேயே திரும்பி வந்து என் அறை வாசலில் நின்றார்.

“புள்ள, கக்கூசுக்குள்ள ஆரோ கதைக்கிறாங்க.”

பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் அவசரத்தில் நான் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். “ஆரு மாமி?”

“ஆரெண்டு தெரியா. தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிறாங்க. குளுக், குளுக் எண்டு.”

போய்ப் பார்த்தேன். கக்கூசுக் கோப்பையின் விளிம்புவரை தண்ணீர் ஏறி நின்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தவளை. தட்டாமல் கதவைத் திறந்துவிட்டோம் என்பதுபோல் அது எங்கள் இருவரையும் முறைத்தது. மாமி “மன்னிச்சுக்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். தவளையிடம் ஏன் மன்னிப்புக் கேட்டார் என்று கேட்டால் இன்றும் கோபம் வரும் அவருக்கு.

எங்கள் ஒழுங்கை, இரண்டு பக்கமும் வீடுகள் நெருங்கி நிற்கும் ஒடுங்கிய தெரு, கல்லடிப் பாலத்தைத் தாண்டி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் திடலில் இருக்கிறது. இந்த முனையில் நின்றால் கடல் இரைவது கேட்கும். அந்த முனைக்கு நடந்தால் வாவியில் கால் நனையும். முன்பெல்லாம் மாரி மழைக்கு முற்றத்தில் தண்ணீர் நிற்கும், வெயில் எறித்ததும் வற்றிவிடும். இப்போது அப்படியில்லை. கடல் பெருகியிருக்கும் நாட்களில் காற்றும் சேர்ந்துகொண்டால் வாவித் தண்ணீர் முகத்துவாரத்தால் வெளியே போவதில்லை. போக இடமில்லாத தண்ணீர் மண்ணுக்குள்ளால் ஏறி வருகிறது. மழை இல்லாத நாளிலும் கிணறு உயரும், முற்றம் ஊறும், கக்கூசுக் குழி நிரம்பும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகுதான் கடல் உயரத் தொடங்கியது என்று மாமி சொல்வார். அறிவியல் வேறு காரணம் சொல்கிறது.

மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டமாவடியைத் தாண்டிப் பொலன்னறுவை வரைக்கும் போகிற பஸ்ஸில் அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி நின்றுகொண்டே கழிந்தது. அவர் ஓய்வு பெற்றாலும் அவருடைய குரல் ஓய்வு பெறவில்லை. பக்கத்து அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டால் பாலத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

தவளை வந்த அடுத்த மாதம் பொது மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. இளம் உத்தியோகத்தர் ஒருவர் வந்து, கடல் மட்டம் உயர்வது பற்றியும், புயல் அடித்தால் காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வந்து கரைக்கு மேலே ஏற்றிவிடும் என்பது பற்றியும் படம் போட்டு விளக்கினார். மாமா எழுந்தார்.

“தம்பி, எங்கட ஒழுங்கையில எவ்வளவு உயரத்துக்கு வரும்?”

அப்படித் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றார் உத்தியோகத்தர். மாமா விடவில்லை. பாலம் மூழ்குமா, மதில் மூழ்குமா, மதிலில் பாதி மூழ்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த மனிதர் சலித்துப்போய்த் தன் நெஞ்சில் கைவைத்து, “இவ்வளவு வரலாம் ஐயா” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா யோசனையாகவே நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: “அந்தத் தம்பி மேடையில நிண்டவர். மேடையின்ட உயரத்தையும் சேர்க்கணும்.”

அடுத்த கிழமையே மேசன் வந்தார். நான்கு கொங்கிரீட் தூண்கள் எழுந்தன. மலத் தாங்கியைத் தரைக்கு மேலே, தூண்களுக்கு நடுவில், தண்ணீர் புகாமல் சீமெந்தால் மூடிக் கட்டினார்கள். அதற்கு மேலே கக்கூசு. அதற்குப் போகச் செங்குத்தாக ஒரு படிக்கட்டு, உச்சியில் இரும்புக் கம்பி போட்ட சிறிய தட்டு. கட்டி முடித்தபோது கக்கூசின் தரை எங்கள் வீட்டு ஓட்டுக்குச் சமமாக நின்றது. வீட்டைத்தான் உயர்த்த முடியவில்லை, இதையாவது உயர்த்துவோம் என்றார் மாமா. உள்ளே நாலைந்து பேர் நிற்க இடம் வேண்டும் என்று அவர் சொன்னபோது மேசன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“கக்கூசுக்குள்ள நாலைஞ்சு பேரா ஐயா?”

“கட்டுங்க பாஸ். கேள்வி கேக்காதீங்க.”

மேசன் கேள்வி கேட்கவில்லை. ஆனால் ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் வெல்லாவெளியில் வேலை செய்கிறார். சனி, ஞாயிறில்தான் வீட்டுக்கு வருவார். வந்து பார்த்தவர் முற்றத்தில் வெகுநேரம் அண்ணாந்து நின்றார். “அப்பா, இது என்ன கலங்கரை விளக்கமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று பின்னேரம் தேநீர் கொடுக்கப் போனபோது மாமா என்னிடம் மட்டும் சொன்னார்: “சுனாமிக்கு நான் தென்னையில ஏறித்தான் தப்பினன் மகள். இப்ப எனக்குத் தென்ன ஏற ஏலாது. படி வேணும்.”

அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் தேநீரில் இன்னொரு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் அந்தக் கக்கூசோடு வாழ்வது சுலபமாக இருக்கவில்லை. உலகத்தில் எல்லோரும் மறைவாகச் செய்யும் காரியத்துக்கு நாங்கள் ஒழுங்கை பார்க்கப் படியேறிப் போக வேண்டியிருந்தது. அதுவும் கையில் வாளியோடு. “மேல போறீங்களா டீச்சர்?” என்று கேட்பார்கள். இறங்கும்போதும் சும்மா விடமாட்டார்கள். “கெதியா வந்திட்டீங்க?” ஒருநாள் காலையில் உச்சித் தட்டில் நின்று கதவுக் கொளுக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாவிப் பக்கம் தோணியில் போன என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் எழுந்து நின்று, “குட் மோர்னிங் டீச்சர்!” என்று ராகம் போட்டுக் கத்தினார்கள். நானும் பழக்க தோஷத்தில், “குட் மோர்னிங், சிட் டவுன்” என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்தார்கள்.

மாமி இரண்டு மாதம் அதில் ஏறவே இல்லை. பக்கத்து வீட்டில் பழைய ஐரோப்பியர் வழிவந்த ஒரு பறங்கித் தம்பதி இருக்கிறார்கள். அங்கிள், அன்ரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மாமி தினமும் அன்ரியோடு கதைக்கப் போவதுபோல் போய் அவர்கள் வீட்டுக் கக்கூசைப் பாவித்துவிட்டு வருவார். ஒருநாள் அதுவும் பேசத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் மாமி முதன்முறை படியேறினார். தலையில் முக்காடு, கையில் குடை. ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. “மாமி, பாத்து ஏறுங்க!” என்று ஒழுங்கையே சத்தம் போட்டது.

கடும் எதிர்ப்பு முன்வீட்டிலிருந்து வந்தது. முன்வீட்டுக்காரர் மாமாவுக்கு மச்சான் முறை. சோதிடத்திலும் வாஸ்துவிலும் ஊறியவர். தன் வீட்டு வாசலுக்கு நேரே, அதுவும் தலைக்கு மேலே, ஒரு கக்கூசுக் கதவு திறந்து மூடுவதை அவரால் தாங்க முடியவில்லை.

“சீதேவி என்ட வாசலால எப்படி மச்சான் வருவாள்?”

“பின்வாசலால வரச் சொல்லு.”

அதோடு பேச்சு நின்றது. அவர் கிராம சேவகரை அழைத்து வந்தார். கிராம சேவகர் அண்ணாந்து பார்த்தார், சுற்றிப் பார்த்தார், ஒருமுறை ஏறியும் பார்த்தார். இறங்கி வந்து, “கக்கூசு எவ்வளவு உயரத்துல இரிக்கலாம் எண்டு சட்டத்துல ஒண்டும் இல்ல” என்றார். பிறகு மாமாவிடம் தனியாக, “மேல நல்ல காத்து” என்றும் சொன்னார்.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. அதற்கு வைத்திருந்த பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. மாமி அதை “அந்தப் பொடியன்” என்று அழைத்தார். “அந்தப் பொடியன் இப்ப எங்க நிக்கிறானாம்?” என்று காலையிலிருந்து தொலைக்காட்சியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று வந்து எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போகுமாறு அறிவித்தது. பாதி ஒழுங்கை உடனே போய்விட்டது. நாங்களும் பையைக் கட்டினோம். ஆனால் மாமி குசினி அடுப்பில் புட்டு வைத்திருந்தார். வேகாத புட்டை விட்டுவிட்டு எந்தப் புயலுக்கும் ஓடமாட்டேன் என்றார். அங்கிளும் அன்ரியும் கோழிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போக மாமாவுக்கு மனமில்லை.

ஒழுங்கையில் மிஞ்சியிருந்த எல்லோரும் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் முதுகுப் பக்கத்தால் வந்தது. வாவி சத்தமே இல்லாமல் வேலியைத் தாண்டி, குசினிக் கதவால் உள்ளே வந்து, மாமியின் காலைத் தொட்டது. “ஆரு வாளியத் தட்டின?” என்று கேட்டார் மாமி. அதற்குள் மற்றப் பக்கம் கடலும் வீதியைத் தாண்டிவிட்டது. இரண்டும் எங்கள் முற்றத்தில் சந்தித்துச் சுழன்றன. நான் வாசலுக்கு வருவதற்குள் முழங்கால், பையைத் தூக்குவதற்குள் தொடை.

“மேல!” என்றார் மாமா. அந்தக் குரலுக்கு நான் என்றும் நன்றி சொல்வேன். காற்றின் இரைச்சலுக்குள்ளும் அது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

ஏறினோம். மாமி புட்டுப் பானையோடு ஏறினார். அங்கிளும் அன்ரியும் ஆளுக்கொரு சாக்கில் கோழிகளோடு வந்தார்கள். மாமா படியின் அடியில் தண்ணீருக்குள் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, நடுவில இடம் கிடக்கு!” என்று கத்தினார். நாங்கள் உள்ளே போனோம். நடுவில் கோப்பைதான் கிடந்தது.

முன்வீட்டுக்காரர் தன் வீட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் தனியாக இருந்தார். தோளில் அவருடைய ஆடு. இருவரும் எங்களைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதுமாக இருந்தார்கள். மாமா கொஞ்ச நேரம் பொறுத்தார்.

“மச்சான், வாறியா இல்லையா?”

“கதவு நேரே இரிக்கி மச்சான்.”

“அப்ப பக்கத்தால வந்து ஏறு! ஆட்ட முதல்ல தா!”

மாமா இறங்கி, மதிலைப் பிடித்து நடந்து பாதிவழி போனார். மாமா ஆட்டை வாங்க, முன்வீட்டுக்காரர் மாமாவின் இடுப்புச் சறத்தைப் பிடிக்க, மூன்று பேரும் ஒரு வழியாகப் படிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆடு தானாகவே மளமளவென்று ஏறி உள்ளே வந்து, நல்ல மூலையைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து என் கணவர் வெல்லாவெளியிலிருந்து போன் எடுத்தார்.

“எங்க நிக்கிறாய்?”

“கக்கூசுக்குள்ள.”

“சரி சரி, மறுகா எடுக்கிறன்.” வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எடுத்தார். “இன்னும் அங்கதானா? வயித்துக்குச் சரியில்லையா?”

“இல்ல, எல்லாரும் இங்கதான்.”

“எல்லாரும் எண்டா?”

“மாமா, மாமி, அங்கிள், அன்ரி, முன்வீட்டு மாமா.” அந்த நேரம் ஆடு கத்தியது. “ஆடும்.”

“ஆடுமா?” என்று கேட்டார். பிறகு, “அப்பாட்டக் குடு” என்றார். அவருடைய குரல் உடைந்திருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டபோது அவருக்கும் தெரியவில்லை.

பிற்பகல் முழுக்கத் தண்ணீர் ஏறியது. எங்கள் வீட்டு ஜன்னல்கள் பாதி மறைந்தன. அன்ரியின் தகரக் கோழிக்கூடு மிதந்து போய்த் திரும்பி வந்து மறுபடியும் போனது. ஒரு பெரிய மரக்கட்டை வந்து தூணில் மோதியபோது முழுக் கட்டடமும் அதிர்ந்தது. அன்ரி சிலுவை போட்டார், மாமி மாமாங்கப் பிள்ளையாரைக் கூப்பிட்டார். மாமா மட்டும் திறந்த கதவால் வெளியே, காற்றில் வளைந்து வளைந்து நிமிரும் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். மாமி வந்து அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, “நல்லாத்தான் கட்டியிரிக்கீங்க” என்றார். கட்டிய நாளிலிருந்து அந்தக் கக்கூசைப் பற்றி மாமி சொன்ன முதல் நல்ல வார்த்தை.

பசி வந்தது. புட்டுப் பானை மாமியின் மடியில் இருந்தது. ஆனால் கக்கூசுக்குள் வைத்து எப்படிச் சாப்பிடுவது? யாருக்கும் மனம் வரவில்லை. “இது இன்னும் புதுசுதானே” என்றார் அங்கிள் மெதுவாக. “கழுவித்தான் கிடக்கு” என்றார் மாமா. “சாப்பிட ஏலாது, சாப்பிட ஏலாது” என்று சொல்லிக்கொண்டே மாமி பானையைத் திறந்தார். சூடு இன்னும் முழுதாக ஆறவில்லை. தேங்காய்ப்பூ மணந்தது. எல்லோரும் கோப்பைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டோம். அப்படி ஒரு முறை எங்கள் வீட்டில் அன்றுதான் தொடங்கி அன்றே முடிந்தது. ஆடு இரண்டு தரம் சாப்பிட்டது.

சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் முன்வீட்டுக்காரர் நிலைகொள்ளாமல் நெளியத் தொடங்கினார். ஒரு காலில் நிற்பார், மற்றக் காலில் நிற்பார், கூரையைப் பார்ப்பார்.

“என்ன மச்சான்?” என்றார் மாமா.

“ஒண்டுமில்ல.”

“சொல்லு.”

“எனக்கு… போகணும்.”

“எங்க போகணும்?”

அவர் கோப்பையைப் பார்த்தார். அந்த நாளில் அந்த இடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை நாங்கள் எல்லோரும் அப்போதுதான் நினைத்துக்கொண்டோம். ஒருவர் பாவிக்க வேண்டுமென்றால் மற்ற எல்லோரும் புயலுக்குள் போய் நிற்க வேண்டும். வேறு வழி? அங்கிள் சாக்குகளைத் தூக்கினார். மாமி பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். தட்டிலும் படியிலும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். மழை ஊசியாகக் குத்தியது. ஆட்டை மட்டும் அசைக்க முடியவில்லை. நான் முன்னால் இழுத்தேன், அங்கிள் பின்னால் தள்ளினார், அது நான்கு காலையும் ஊன்றி நின்றது.

“விடுங்க, அது அவர்ட ஆடுதானே” என்றார் அன்ரி.

கதவு சாத்தப்பட்டது. நாங்கள் காத்திருந்தோம். வெகுநேரம் காத்திருந்தோம்.

“மச்சான்! ஆக்கள் நனையிறாங்க!” என்று கத்தினார் மாமா.

உள்ளேயிருந்து தீனமாகக் குரல் வந்தது: “ஆடு பாக்குது மச்சான்!”

அன்ரிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். கீழே தண்ணீர் ஓடுகிறது, காற்று ஓட்டைப் பிடுங்குகிறது, நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரிக்கிறோம். பயத்தில் சிரித்தோமா, பயம் போய்ச் சிரித்தோமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மாமா சிரித்த சிரிப்பில் அவருடைய பல் செட் கழன்று தண்ணீரில் விழுந்தது. அது பிறகு கிடைக்கவேயில்லை.

பொழுது படுவதற்கு முன் காற்றுத் திரும்பியது. வந்ததுபோலவே சத்தமில்லாமல் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. படிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. உத்தியோகத்தர் சொன்ன நெஞ்சளவு சரியாகத்தான் இருந்தது. மேடையைச் சேர்த்திருக்கத் தேவையில்லை. இதை மாமாவிடம் யாரும் சொல்லவில்லை.

வீடு முழுக்கச் சேறு. சோறு சமைக்கும் குக்கருக்குள் செத்தல் என்று சொல்லும் வாவி மீன் ஒன்று கிடந்தது. மூடி எப்படித் திறந்து மூடியது என்று தெரியவில்லை. எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நிலத்தில் இருந்த அத்தனை கக்கூசும் மூழ்கிச் சேறு நிரம்பிக் கிடந்தன. பாவிக்கக்கூடியதாக மிஞ்சியது ஒன்றுதான். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் மறுநாள் காலையில் வாளிகளோடு எங்கள் முற்றத்தில் நின்றார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது. படிக்கட்டு முழுக்க வரிசை. கீழே கதிரை போட்டு மாமா உட்கார்ந்திருப்பார். பல் இல்லாத வாயால் அவர், “ஏறுறவங்களுக்கு முதல் இறங்குறவங்கள விடுங்க!” என்று சொன்னால் பாதிக்குமேல் காற்றுத்தான் வரும். என்றாலும் எல்லோருக்கும் புரிந்தது. முன்வீட்டுக்காரர் விடிய முதலே வந்துவிடுவார். அந்த நேரம் சுபம் என்றார்.

சிரிக்க முடியாததும் உண்டு. கிணறு உப்பாகிவிட்டது. இறைத்தோம், மறுபடியும் இறைத்தோம். தேநீர் வைத்தால் கடல்தான் மணக்கிறது. முருங்கையும் தேசிக்காய் மரமும் நின்றபடியே காய்ந்தன. தண்ணீருக்கு இப்போது குழாயையும் தண்ணீர் கொண்டுவரும் தாங்கி லொறியையும்தான் எதிர்பார்த்திருக்கிறோம்.

என் கணவர் வெல்லாவெளியில் ஒரு வீடு பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். மேட்டு நிலம், நல்ல தண்ணீர், சுற்றிவர வயல். அன்று வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமிதான் பேசினார்.

“அங்க ஆரு மனே நமக்குத் தெரிஞ்ச ஆக்கள்? நான் ஆரோட கதைக்கிற?”

“அப்ப அடுத்த புயலுக்கு என்னம்மா செய்யிற?”

“அடுத்ததுக்குக் குசினியையும் மேல தூக்குங்க. நான் பானையச் சுமந்துகொண்டு ஓடமாட்டன்.”

வெல்லாவெளி வீட்டை முழுதாக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கணவர் வாடகைக்கு எடுத்து, மாரி மாதங்களில் நாங்கள் அங்கே போவது என்று பேசி வைத்திருக்கிறோம். மாமா இன்னும் அதற்கு வாய்திறந்து சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. இதற்கிடையில் மேசன் மறுபடியும் வந்து போனார். குசினிக்கான தூண்களுக்குக் குழி வெட்டிக் கம்பி கட்டி நிறுத்தியிருக்கிறது. மணல் வரவில்லை என்று வேலை அப்படியே நிற்கிறது. மாமி அந்தக் கம்பிகளுக்கு நடுவில் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார். கடல் காற்றுக்கு நன்றாகக் காய்கிறது. கம்பியிலிருந்து கொஞ்சம் துரு மட்டும் ஒட்டியிருக்கிறது, என் வெள்ளைச் சேலை ஒன்றில்.